காவலை ஏமாற்றும் டெங்கு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐப்பசி பிறந்தால் திரேஸ்புரத்தில் மழையோடு டெங்குப் பேச்சும் வந்துவிடும். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் வங்கி வழக்கத்தை வைத்தே இதைச் சொல்லப் பார்க்கிறேன்.

2012-இல் கடையநல்லூர் டெங்குவால் பட்டபாடு பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டு தமிழகத்தில் அரசுக் கணக்குப்படி 12,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2017-இல் எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது.

நம் உடலில் பிறவியிலேயே ஒரு காவல் உண்டு. வைரஸ் நுழைந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். 1957-இல் கண்டுபிடித்தார்கள். அது பக்கத்துச் செல்களுக்கு, "கதவைச் சாத்து, ஆள் நுழைந்துவிட்டான்" என்று சொல்லும் எச்சரிக்கை மணி.

டெங்கு வைரஸிடம் மொத்தமே பத்துப் புரதங்கள்தான். அவற்றை வைத்தே இந்தக் காவலை ஏமாற்றுகிறது. முதலில், தன் மரபுச் சரத்தின் தலைப்பில் நம் செல் போடுவது போன்ற முத்திரையைப் போட்டுக்கொள்கிறது. கள்ளக் கையெழுத்துப் போட்ட செக் மாதிரி, கவுண்டரில் யாரும் சந்தேகப்படுவதில்லை. இரண்டாவது, செல்லுக்குள்ளேயே சவ்வுப் பைகளை உண்டாக்கி, அதற்குள் ஒளிந்து பெருகுகிறது. மூன்றாவது, ஆபத்தை உணர்ந்து மணியடிக்கச் சொல்லும் 'ஸ்டிங்' என்ற புரதத்தையே வெட்டிவிடுகிறது. எலியின் ஸ்டிங்கை இதனால் வெட்ட முடியாது. சாதாரண எலிக்கு டெங்கு எளிதில் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். நான்காவது, மணி அடித்தாலும் அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோகும் 'ஸ்டாட் 2' என்ற புரதத்தை அழித்துவிடுகிறது.

காவல் முழுவதும் அழிவதில்லை, தாமதமாகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் ரத்தத்தில் பெருகிவிடும். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நம்மைக் கடித்த கொசு, பக்கத்து வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகலாம். அடுக்குமாடியில் இருக்கும் நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு வீட்டில் காய்ச்சல் தெரிந்தபிறகு விழித்தால் தாமதம்.

ஆகவே உடம்பின் காவலுக்கு முன்னால் நாம் ஒரு காவல் போட வேண்டும். ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, டிரம்மின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் கணக்கு முடிந்தது. தேய்ப்பது முக்கியம், ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மாடித் தொட்டி மூடி, ஃபிரிட்ஜ் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, வாசலில் போட்டிருக்கும் மீன் தெர்மாகோல் பெட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் ஞாயிறுதோறும் பார்ப்போம்.

காய்ச்சல் வந்தால் முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 பரிசோதனை செய்யுங்கள். வைரஸ் ரத்தத்தில் கொட்டும் அந்தப் புரதமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாடித் தொட்டியில் தொடங்குவோம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.