ஒரு செவிலிக்கு எத்தனை கட்டில்?

(செவிலியமும் மருத்துவமனை நிர்வாகமும் பயிலும் பட்ட மேற்படிப்பு மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருந்தின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவன் நான். மருத்துவமனையை நோயாளியின் கட்டிலருகே நின்று மட்டுமே அறிந்தவன். அப்படிப்பட்டவனை, ஆராய்ச்சி செய்யும் உங்கள் நடுவே ஏன் அழைத்தீர்கள் என்று முதலில் வியந்தேன். அழைப்பிதழில் 'பணியாளர் எண்ணிக்கையும் நோயாளர் நலனும்' என்ற தலைப்பைக் கண்டதும் ஐயம் தீர்ந்தது. எத்தனை பேரை வேலைக்கு வைப்பது, எவ்வளவு ஊதியம் கொடுப்பது என்பவை கணக்கர் மட்டும் தீர்க்கும் சிக்கல்களா? அல்ல, அவை அரசியல்!

சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னையார் நோயுற்று ஒரு மருத்துவமனையின் பொதுக்கூடத்தில் படுத்திருந்தார். இரவு நேரம். உறக்கம் வராமல் கட்டில்களை எண்ணினேன்: 42. செவிலியரை எண்ணினேன்; எண்ண நேரமே பிடிக்கவில்லை. ஒருவர்! அந்த அம்மையார் அன்றிரவு ஒருமுறையேனும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. ஒரு மூலையில் ஊசி, மறு மூலையில் குழாய், நடுவிலே ஒரு குழந்தையின் அழுகை. கோடிக் கட்டிலிலே ஒரு முதியவருக்கு மூச்சு மாறியது. அதை எவரும் கவனிக்கவில்லை. பொழுது விடிந்தது, அவர் விழிக்கவில்லை. உறவினர் அந்தச் செவிலியை ஏசினர். உண்மையைச் சொல்கிறேன், நானும் மனத்துக்குள் ஏசினேன். வீடு திரும்பிய பிறகுதான் வெட்கம் வந்தது. 42 கட்டிலுக்கு ஒருவரை நிறுத்தியவரை விட்டுவிட்டு, நின்றவரை அல்லவா குற்றவாளி ஆக்கினோம்!

'இது உணர்ச்சி, சான்று எங்கே?' என்று கேட்பார்கள். கேட்கட்டும்! சான்று இருக்கிறது. அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில், லிண்டா எய்க்கன் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தனர். 10,184 செவிலியரிடம் கேள்வி கேட்டனர். அறுவை சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினர். 2002இல் முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், அந்த நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது! நூற்றுக்கு ஏழு பேர் இறக்கின்றனர் என்று பொருள் கொள்ள வேண்டா. முன்பிருந்த ஆபத்து அந்த அளவுக்கு வளர்கிறது என்பதே பொருள். 4 பேரைக் கவனிக்க வேண்டிய செவிலி 8 பேரைக் கவனித்தால் அது 31 விழுக்காடாக வளர்கிறது.

ஏன் இப்படி? மருத்துவர் வருவார், பார்ப்பார், போவார். நாள் முழுதும் அருகே இருப்பவர் செவிலி. நாடி தளர்வதையும் மூச்சு மாறுவதையும் முதலில் காணும் கண் அவருடைய கண். அந்தக் கண்ணை நாற்பது திசைகளில் அலையவிட்டால், காண வேண்டியதைக் காண்பது எங்ஙனம்?

மறுப்பாளர் எளிதில் ஓய்வாரா? 'செவிலியர் மிகுந்த இடம் செல்வம் மிகுந்த மருத்துவமனையாக இருக்கும். உயிர் பிழைக்க அதுவே காரணமாக இருக்கலாம்' என்றனர். நேர்மையான ஐயம், ஆராய்ச்சியாளர் மதிக்க வேண்டிய ஐயம். அதற்கும் விடை வந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் சட்டம் செய்தது: பகலில் 4 நோயாளிக்கு ஒரு செவிலி, இரவில் 7 நோயாளிக்கு ஒரு செவிலி. சட்டம் நடைமுறைக்கு வந்த 27 மருத்துவமனைகளையும், வராத 28 மருத்துவமனைகளையும், முன்னும் பின்னும் ஒப்பிட்டனர். 2021இல் வெளிவந்த முடிவு என்ன? சட்டம் வந்த இடத்தில் சாவு குறைந்தது. வீடு சென்றவர் நோயோடு திரும்பி வருவது சட்டம் வராத இடத்தில் கூடியது, வந்த இடத்தில் கூடவில்லை. கட்டிலில் கிடக்கும் நாட்களும் குறைந்தன. 'பணத்துக்கு எங்கே போவது?' என்று கைவிரிப்போர் இதைக் கேட்கட்டும்: கூடுதல் செவிலியருக்குச் செலவான தொகையைப்போல் இரு மடங்குக்கு மேல் மிச்சமாயிற்று!

ஆனால் தோழர்களே, ஆராய்ச்சி அச்சேறியதும் நீதி நடந்துவிடுவதில்லை. கலிபோர்னியா மாநிலம் 1999இலேயே இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. பொதுக்கூடத்தில் 6 பேருக்கு ஒருவர், அடுத்த ஆண்டு முதல் 5 பேருக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. அந்த ஐந்தை நிறுத்தி வைக்க முனைந்தார், திரைப்பட நடிகராயிருந்து ஆளுநரான ஆர்னால்டு சுவார்செனேகர். செவிலியர் அடங்கினரா? தெருவுக்கு வந்தனர், வழக்கு மன்றம் ஏறினர். 2005இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. ஆராய்ச்சி படைக்கலம் தந்தது. அதை ஏந்தக் கை வேண்டியிருந்தது. அந்தக் கை, அமைப்பாய்த் திரண்ட செவிலியரின் கை!

நம் நாட்டுக்கு வருவோம். 1946இல் போர் குழு தந்த அறிக்கை, 43,000 மக்களுக்கு ஒரு செவிலியே இருக்கிறார் என்றும், 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்றும் எழுதிற்று. கற்பிக்கும் மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர், பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒருவர் என்று இந்தியச் செவிலியர் குழுமம் வகுத்த அளவும் ஏட்டிலே உண்டு. ஏட்டிலே! நம் தமிழகத்தில் 2015இல் தேர்வு எழுதி வென்று வந்த செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் பணி தொடங்கினர். நிலைப்பணி கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். உயிர் காக்கும் கைக்கு நிலையான வேலை இல்லையெனில், அந்தக் கை எத்தனை நாள் நம் கூடத்தில் தங்கும்? எந்தக் கட்சி ஆட்சிப் பீடத்தில் இருந்தாலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது.

ஆகவே மாணவத் தோழர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். பட்டம் பெறுவதற்கென ஆய்வேடு எழுதுகிறீர்கள், பொன்னெழுத்து பொறித்து நூலகத்தில் வைக்கிறீர்கள், கரையான் படிக்கிறது! அதுவா அதன் முடிவு? உங்கள் மாவட்ட மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவு 2 மணிக்கு எத்தனை கட்டில், எத்தனை செவிலி என்று எண்ணுங்கள். அழைத்த நோயாளி எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று குறியுங்கள். கூட்டியும் எழுத வேண்டா, குறைத்தும் எழுத வேண்டா. ஒரு பொய்யெண் நூறு மெய்யெண்ணைக் கெடுத்துவிடும். எழுதியதைத் தமிழிலும் எழுதுங்கள்; கட்டிலருகே நிற்கும் மகனும் மகளும் படிக்கட்டும்.

இந்த உரையை ஏட்டில் படிக்கப்போகும் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு சொல். அந்த ஆய்வேட்டைத் தேடிப் படியுங்கள். மேடையில் அடுக்குமொழி போதும். அடுக்கிய எண்ணோடு சட்டமன்றம் செல்லுங்கள். மருத்துவமனையில் துயர் நேர்ந்தால் செவிலியை நோக்கி ஓங்கும் கையைத் தடுத்து, 'இந்தக் கூடத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? எத்தனை பேரை வைத்தீர்கள்?' என்று நிர்வாகத்தைக் கேளுங்கள்.

அந்த முதியவரின் பெயர் எனக்குத் தெரியாது. 42 என்ற எண் மட்டும் நெஞ்சில் நிற்கிறது. அது இன்னொருவர் நெஞ்சில் ஏறாதிருக்க உங்கள் ஆராய்ச்சி பயன்படட்டும்.