47,512 ரூபாய் எங்க போச்சு?

இன்னைக்கு எபிசோட்ல ஒரு சின்ன கணக்கு, அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய சண்டை. ரெண்டையும் சொல்றேன்.

நானும் என் காலேஜ் ஃப்ரெண்டும் சேர்ந்து சென்னிமலை போர்வை, துண்டு விக்கிற ஆன்லைன் கடை ஒண்ணு ஆரம்பிச்சோம். அக்டோபர் 1-ம் தேதி திறந்தோம். தீபாவளி சீசன், ஆர்டர் நல்லாவே வந்தது. போட்டோ, வெப்சைட், கஸ்டமர் எல்லாம் என் பொறுப்பு. பேங்க், கொரியர் அவ பொறுப்பு.

மாசக் கடைசியில டேஷ்போர்டைப் பார்த்தேன். மொத்த விற்பனை 2,40,000 ரூபாய். பேங்க்ல வந்து விழுந்திருந்தது 1,92,488. நடுவுல 47,512 ரூபாயைக் காணோம்.

நேரா அவகிட்ட போய், "மிச்சம் எங்கடி?"ன்னு கேட்டேன். கேட்ட விதம் தப்பு. அவ ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "நான் எடுத்துட்டேன்னு சொல்றியா?"ன்னு மட்டும் கேட்டா. நான் "இல்ல"ன்னு உடனே சொல்லல. அந்த ரெண்டு செகண்ட் மௌனம் எட்டு வருஷ நட்பை ஆட்டிப் பார்த்துடுச்சு. அதுக்கப்புறம் நாலு நாள் நாங்க பேசிக்கல.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். என் சித்தப்பா முப்பது வருஷமா மளிகைக் கடை வச்சிருக்கார். ஆன்லைன் வியாபாரம்னா அவருக்கு ஒண்ணும் தெரியாது. விஷயத்தைக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏம்மா, கஸ்டமர் காசை உன் கையிலயா குடுத்தான்?"

இல்ல. கார்டுல, யுபிஐ-ல கட்டினவங்க காசு பேமென்ட் கேட்வே கிட்ட போகுது. கேஷ் ஆன் டெலிவரி காசு கொரியர்காரர் கிட்ட போகுது. "அப்ப அந்த ரெண்டு பேரும் உனக்குக் கடன்காரங்க. அவங்க பேர்ல பேரேட்டுல பக்கம் போட்டியா?"ன்னார். போடல. விற்பனையையும் பேங்க்கையும் நேருக்கு நேர் வச்சுப் பார்த்தோமே தவிர, நடுவுல இருக்கிற ஆளை மறந்துட்டோம்.

சென்னை திரும்பினதும் லேப்டாப்போட அவ வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து ரெண்டு பக்கம் போட்டோம்.

முதல் பக்கம், கேட்வே. ஆன்லைன்ல கட்டின ஆர்டர் 1,80,000. எங்களுக்கு செட்டில்மென்ட் ரெண்டு வேலை நாள் கழிச்சுத்தான் வரும். அதனால மாசக் கடைசியில வித்த 10,000 ரூபாய் நவம்பர்லதான் வந்தது. மீதி 1,70,000-க்கு 2 சதவீதம் கட்டணம், 3,400. அந்தக் கட்டணத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 612. ஆக 4,012 ரூபாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அனுப்புறாங்க. 7,000 ரூபாய்க்கு ரீஃபண்ட் குடுத்திருந்தோம். அது பேங்க்ல தனியா செலவுன்னு தெரியாது, அடுத்த செட்டில்மென்ட்லயே கழிச்சுடுவாங்க. இதுல இன்னொண்ணு, ரீஃபண்ட் குடுத்த ஆர்டருக்குப் பிடிச்ச 2 சதவீதம் எங்களுக்குத் திரும்பி வரல.

ரெண்டாவது பக்கம், கொரியர். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் 60,000. அதுல 9,000 ரூபாய் பார்சல் வாங்க ஆளில்லாம திரும்பி வந்துடுச்சு. டேஷ்போர்டு அதையும் விற்பனைன்னுதான் காட்டிட்டு இருந்தது. இன்னும் 17,500 ரூபாய் கொரியர் கிட்ட பாக்கி.

கூட்டிப் பாருங்க. 10,000, 4,012, 7,000, 9,000, 17,500. மொத்தம் 47,512. ஒரு ரூபாய் கூட மாறல. அவ கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வச்சுட்டு டீ போடப் போயிட்டா.

கணக்கு சரியாப் போச்சுன்னு அதோட நிறுத்தல. அந்த 17,500-ஐ பார்சல் பார்சலா பிரிச்சுப் பார்த்தோம். 1,250 ரூபாய் பார்சல் ஒண்ணு மாச ஆரம்பத்துலயே டெலிவரி ஆகியிருந்தது, காசு மட்டும் வரல. ட்ராக்கிங் நம்பரோட மெயில் போட்டோம், அடுத்த வாரம் வந்துடுச்சு. கேட்காம விட்டிருந்தா அது 'பாக்கி'ங்கிற பேர்லயே காணாமப் போயிருக்கும்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. பேங்க்ல வந்ததுதான் விற்பனைன்னு நினைச்சு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட இருந்தோம். எங்க நிஜமான விற்பனை, திரும்பி வந்ததைக் கழிச்சு, 2,24,000. பேங்க் தொகையைப் போட்டிருந்தா 31,512 ரூபாய் விற்பனையைக் குறைச்சுக் காட்டியிருப்போம். அதே மாதிரி, கேட்வே பிடிச்ச 612 ரூபாய் ஜிஎஸ்டி செலவு இல்ல. அவங்க குடுக்கிற இன்வாய்ஸ் இருந்தா, ஜிஎஸ்டி பதிவு பண்ண கடை அதை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாம். பெரிய மார்க்கெட்ப்ளேஸ்ல விக்கிறவங்களுக்கு டிசிஎஸ், டிடிஎஸ்னும் பிடிப்பாங்க. அதுவும் உங்க பேர்ல கட்டின வரிதான், விட்டுடாதீங்க.

இப்ப நாங்க என்ன பண்றோம்? மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்கிறதில்ல. வாரா வாரம் திங்கக்கிழமை அரை மணி நேரம். பேங்க் ஸ்டேட்மென்ட்ல கேட்வே போட்ட ஒவ்வொரு தொகைக்கும் ஒரு யூடிஆர் நம்பர் இருக்கும். அதே நம்பர் கேட்வேயோட செட்டில்மென்ட் ரிப்போர்ட்லயும் இருக்கும். ரெண்டையும் பொருத்தினா, அந்த ஒரு தொகைக்குள்ள எந்தெந்த ஆர்டர், எவ்வளவு கட்டணம், எந்த ரீஃபண்ட்னு பிரிஞ்சு வந்துடும். ஆர்டர் வந்ததும் முழுத் தொகையைக் கேட்வே பேர்ல பற்று எழுதுறோம். காசு வந்ததும் வரவு, கட்டணத்தைச் செலவுல எழுதுறோம். கடைசியில அந்தப் பக்கத்துல நிக்கிற பாக்கி, இன்னும் செட்டில் ஆகாத ஆர்டரோட கூட்டுத்தொகையா இருக்கணும். இல்லன்னா எங்கேயோ தப்பு, அன்னைக்கே தேடணும்.

இன்னொரு மாற்றமும் பண்ணோம். பேங்க் வேலையை ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். அவ மேல நம்பிக்கை இல்லாம இல்ல. தெரியாத கணக்குதான் சந்தேகமா மாறுதுன்னு எனக்குப் புரிஞ்சதால.

நீங்க சின்னதா ஏதாவது ஆன்லைன்ல வித்துட்டு இருந்தா, இந்த வாரம் ஒரே ஒரு டெபாசிட்டை எடுத்து எந்தெந்த ஆர்டரோட காசுன்னு பிரிச்சுப் பாருங்க. கூட்டாளி இருந்தா பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.