கரையோரமும் கமராவும்

வடமராட்சி கிழக்கில், மணற்காட்டில், சூரியன் கடலிலிருந்து எழும். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நின்றால் பரவைக்கடலுக்கு அப்பால் மறையும். ஒரே நாளில் இரண்டையும் சைக்கிளிலேயே சென்று படம் பிடிக்கலாம். வட்டம் முழுதாக வெளிப்பட இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடும். ஆதலால் இருளோடே புறப்படவேண்டும். சோளகக் காற்றுக்கு எதிரே யாழ்ப்பாணம் நோக்கி மிதிப்பதோ தவந்தான்!

ஆயினும் ஒன்று. சூரியனை நோக்கியே படம் பிடித்தால், கரையில் வலை இழுப்பவர் வெறும் கருநிழலாகிவிடுகிறார். 2004 ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த கரை அது. அவர்களை அழகுக்கு நிழலாக்குவது எனக்கு உவப்பன்று. சூரியன் சற்று ஏறியதும் அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். அவரிடம் கேட்டு, இளவெயில் விழும் முகத்தை எடுங்கள். பிரதியொன்றை அடுத்தமுறை கொண்டுபோய்க் கொடுங்கள்.