கைப்பேசிப் படமும் கணிப்பொறித் தொகுப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு விழாவில் நானும் ஏதேனும் பேச வேண்டுமென்று நம் செயலாளர் அன்புக் கட்டளை இட்டார். இலக்கியம் பேச இச்சங்கத்தில் புலவர்கள் உளர். சமயம் பேசச் சான்றோர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டுகளோடு காலம் கழிக்கும் எழுத்தன் எதைப் பேசுவது? நம் குடியிருப்பு வீடுகளில் அடிக்கடி என் காதில் விழும் ஒரு முறையீட்டையே பொருளாகக் கொண்டேன். கைப்பேசியில் எடுத்த வீடியோ, கைப்பேசியிலேயே பார்க்கும்போது குற்றமின்றி ஓடுகிறது. கணிப்பொறியில் எடிட்டிங் மென்பொருளில் ஏற்றியவுடன் கெட்டுவிடுகிறது என்பதே அம்முறையீடு.

கெட்டது என்று நாம் சொல்வது ஒரு நோயன்று, பல. சிலர்க்குப் படம் விக்கி விக்கி ஓடும். சிலர்க்குக் குரல் மட்டும் கேட்கும். திரை கறுத்து நிற்கும். சிலர்க்கு நின்றவர் படுத்த கோலத்தில் தோன்றுவார். இன்னும் சிலர்க்கு, பாடுபவரின் வாய் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்து போகும். இவற்றுள் கடைசி நோயே கொடியது. அதைப் பற்றியே மிகுதியாகப் பேசப் போகிறேன். மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துக் கொள்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றிய மயக்கம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். "இரண்டும் எம்.பி.4 தானே! ஒன்று ஓடுகிறது, மற்றொன்று ஏன் ஓடவில்லை?" என்று கேட்கிறார்கள். எம்.பி.4 என்பது சரக்கு வண்டியின் கூண்டு போன்றது. வெளியே பார்த்தால் எல்லாக் கூண்டும் ஒன்றே. உள்ளே இருப்பது அரிசியா, சிமெண்டா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளே படத்தைச் சுருக்கி அடைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வெளியான எச்.264 என்பது ஒரு முறை. 2013-இல் வந்த எச்.265 மற்றொன்று. இரண்டாவதை ஹெச்.இ.வி.சி. என்றும் சொல்வர். அதே தரமுள்ள படத்தை அது இன்னும் சிறிய இடத்தில் அடைக்கும். ஆனால் பிரிப்பதற்குக் கணிப்பொறி மிகுதியாக உழைக்க வேண்டும். ஐபோன்கள் 2017 முதல் இம்முறையைக் கைக்கொண்டன. ஆண்டிராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் இது உண்டு. பழைய கணிப்பொறியில் இதைப் பிரிக்கும் கருவியே இல்லாவிடில் திரை கறுத்து நிற்பதில் வியப்பில்லை.

விக்கி ஓடுவதற்குக் காரணமும் இச்சுருக்கத்திலேயே உள்ளது. எங்கள் அலுவலகப் பதிவேட்டில் முதல் வரியில் நிலையத்தின் பெயரை முழுதும் எழுதுவோம். அடுத்த வரிகளில் "மேற்படி, மேற்படி" என்றே எழுதிச் செல்வோம். வீடியோவும் அவ்வாறே. ஒரு பிரேமை முழுதாக எழுதிவிட்டு, பின்வருவனவற்றில் மாறிய பகுதியை மட்டும் குறித்து வைக்கிறது. மேலிருந்து கீழாகப் படித்தால் தொல்லையில்லை. கைப்பேசி அப்படித்தான் படிக்கிறது. எடிட்டிங் செய்பவரோ நாற்பதாம் வரிக்குத் தாவுகிறார். அங்கிருந்து பின்னோக்கி வருகிறார். ஒவ்வொரு முறையும் "மேற்படி" என்பது எதைக் குறிக்கிறதென்று மென்பொருள் மேலே ஓடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்காமல் என்ன செய்யும்? இதற்குப் பிராக்ஸி என்னும் ஏற்பாடு எல்லா நல்ல மென்பொருள்களிலும் உண்டு. பெரிய படத்துக்குச் சிறிய நகல் ஒன்றைச் செய்து, வெட்டுவதையும் ஒட்டுவதையும் அந்நகலில் செய்வோம். முடிவில் வெளிவரும் படம் மட்டும் மூலத்திலிருந்தே உருவாகும். இருப்புப் பாதையைச் சோதிக்க முழு வண்டியை ஓட்டாமல் டிராலியில் போய் வருகிறோமே, அது போல.

இனிக் கொடிய நோய்க்கு வருகிறேன். குரலும் வாயும் ஏன் பிரிகின்றன?

இதை விளங்கிக்கொள்ள நம்மூர்த் திரைப்படக் கதையே துணை செய்யும். அகஸ்தீசுவரத்துக்காரரான ஜே. சி. டேனியல் இந்நகரின் பட்டம் பகுதியில் ஸ்டூடியோ அமைத்து, "விகதகுமாரன்" என்னும் மௌனப் படத்தை எடுத்து, இங்கே கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்டார். ஆண்டு 1928 என்பாரும் உளர், 1930 என்பாரும் உளர். மௌனப் படக் காலத்தில் காமிராவின் கைப்பிடியைக் கையால் சுழற்றிப் படம் பிடிப்பது உலகெங்கும் வழக்கம். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் வினாடிக்குப் பதினாறு பிரேம். விரைந்தால் இருபதுக்கும் மேல். பேச்சே இல்லாத படத்தில் இக்கூடுதல் குறைவு யாரை வருத்தும்? 1931-இல் தமிழில் "காளிதாஸ்" பேசத் தொடங்கியது. 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்த "பாலன்" மலையாளத்தில் பேசியது. பேசும் படத்தில் வாயும் சொல்லும் ஒன்றவேண்டும் அன்றோ! ஆகவே வினாடிக்கு 24 பிரேம் என்று வேகத்தைக் கட்டி வைத்தார்கள்.

நம் கைப்பேசியோ மறுபடியும் கைப்பிடிக் காலத்துக்குத் திரும்பிவிட்டது என்றே சொல்ல வேண்டும். பெயரளவில் வினாடிக்கு 30 பிரேம். மேடையில் விளக்கைக் குறைத்தால், ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் ஒளி வாங்குவதற்காகக் கைப்பேசி வேகத்தைத் தாழ்த்திக்கொள்ளும். உடல் சூடேறினாலும், வேறு வேலை குறுக்கிட்டாலும் சில பிரேம்களை விட்டுவிடும். இதற்கு மாறும் பிரேம் வேகம் என்று பெயர். கைப்பேசி இதில் வஞ்சனை ஏதும் செய்யவில்லை. ஒவ்வொரு பிரேமும் எந்த நொடியில் எடுக்கப்பட்டது என்று கோப்பிலேயே குறித்து வைக்கிறது. பார்க்கும்போது அக்குறிப்பின்படியே காட்டுகிறது. அதனால்தான் கைப்பேசியில் குற்றம் தெரிவதில்லை. எடிட்டிங் மென்பொருள்கள் பல, பிரேம்கள் சம இடைவெளியில் வருவன என்ற எண்ணத்தோடு அமைந்தவை. நொடிக் குறிப்பைப் பாராமல் வரிசையாக அடுக்கிவிடுகின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். பத்து நிமிட நடனத்துக்கு 600 வினாடி. வினாடிக்கு 30 என்றால் 18,000 பிரேம் இருக்க வேண்டும். கைப்பேசி உண்மையில் எடுத்தது 17,940 என்று கொள்வோம். மென்பொருள் அவற்றை வினாடிக்கு முப்பதாக அடுக்கினால் 598 வினாடியில் படம் முடிந்துவிடும். குரல் அப்படியன்று. அது வினாடிக்கு 48,000 கூறுகளாக ஒழுங்காகப் பதிவாகி 600 வினாடியும் ஒலிக்கும். நடனம் முடிந்து சிறுமி கைகூப்பி நிற்பாள். மிருதங்கம் இன்னும் இரண்டு வினாடி முழங்கிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். குரல் பிந்துகிறதே என்று குரலைப் பிடித்து முன்னே நகர்த்துகிறார்கள். முடிவு சரியாகும், தொடக்கம் கெடும். மறுபடியும் நகர்த்துவார்கள், இரவு இரண்டு மணியாகும். நோயை முதலில் இனங்காண வேண்டும். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால், குரலை நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் விலகலே இல்லாமல் போகப் போக வளர்ந்தால், அது பிரேம் வேகத்தின் கோளாறு, நகர்த்துவதால் தீராது. மீடியாஇன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் வேகம் மாறுவதா, நிலையானதா என்று அதுவே எழுதிக் காட்டும்.

இஃது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டா. நம் குடியிருப்பில் எல்லோரும் ஆச்சி என்றே அழைத்த மூதாட்டி ஒருவர், சென்ற ஆண்டு விழாவில் நலங்குப் பாட்டுப் பாடினார். பேரன் கைப்பேசியில் பிடித்தான். இவ்வாண்டு ஆடியில் ஆச்சி காலமானார். பதினாறாம் நாளன்று உறவினர்க்குக் காட்டலாமென்று வீட்டார் அப்பதிவைத் தொகுக்க முற்பட்டபோது, ஆச்சியின் வாய் பாட்டுக்கு முன்னே ஓடியது. ஒரு வீடியோ கடைக்காரர், "மூலப் பதிவே கெட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கையை விரித்தார். கைப்பேசியில் இடமும் நிறைந்திருந்தது. கெட்டதை ஏன் வைத்திருப்பது என்று அழிக்கவே துணிந்துவிட்டார்கள். தற்செயலாக அன்று மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பதிவில் ஒரு குறையும் இல்லை. ஒரு மணி நேரத்தில் பாட்டும் வாயும் ஒன்றாயின. ஆச்சியின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். "விகதகுமாரன்" படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. அக்காலத்தில் நகல் எடுப்பது அரிய செயல். இன்று நகலுக்குச் செலவே இல்லாதபோதும், கெட்டது என்ற தவறான எண்ணத்தால் நாமே அழித்துக் கொண்டிருக்கிறோம்.

பரிகாரம் எளிது. எர்ணாகுளத்தில் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த நாள்கள் இங்குள்ள முதியோர் சிலர்க்கு நினைவிருக்கும். 1976-இல்தான் அகலப்பாதை நம்மூர் வந்து சேர்ந்தது. அதற்கு முன், ஒரு பாதையின் வண்டி மறு பாதையில் ஓடாது ஆதலால், சரக்கை இறக்கி வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். சரக்கு அதுவே, வண்டி வேறு. நாம் செய்ய வேண்டியதும் அதுவே. எடிட்டிங் தொடங்கும் முன், மாறும் வேகத்துப் படத்தை நிலையான வேகத்து நகலாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருள் இதற்குப் போதும். கைப்பேசியிலிருந்து கோப்பைக் கம்பி வழியாகக் கணிப்பொறிக்கு எடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி எடுத்தால் படம் மீண்டும் சுருங்கித் தரம் போய்விடும். ஹேண்ட்பிரேக்கில் வீடியோ என்னும் பகுதியில் பிரேம் வேகம் 30 என்று குறித்து, அதனருகே "கான்ஸ்டண்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே முன்னமே அமைந்திருப்பது பெரும்பாலும் "பீக்" என்பது. அதை அப்படியே விட்டால் வேகம் மாறுவதாகவே இருக்கும், உழைப்பு வீண். முறை எச்.264, தரத்துக்கான ஆர்.எஃப். எண் 18 முதல் 20 வரை. எண் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றும்போது தரம் சிறிது குறைவது இயல்பு. நகலுக்கு நகல் எடுத்தால் அக்குறை வளரும்.

கேடன்லைவ், ஷாட்கட் என்னும் இலவச எடிட்டிங் மென்பொருள்கள் இதில் ஒரு படி மேலானவை. மாறும் வேகத்துப் படத்தை உள்ளே சேர்த்தவுடன், தொகுப்பதற்கு ஏற்றதாக மாற்றித் தரவா என்று தாமே கேட்கும். நம்மவர் அவசரத்தில் அதை வாசியாமலே மூடிவிடுகிறார்கள். இவ்வகையில் பிள்ளைகள் நம்மினும் தேர்ந்தவர்கள். பூஜப்புரையில் உள்ள கைட் நிறுவனம் 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளி மாணவர்க்குக் கேடன்லைவில் படம் தொகுக்கவும் பயிற்சி தருகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். தந்தைக்குத் தெரியாதது மகளுக்குத் தெரிந்திருக்கும்.

படுத்த கோலத்துக்கு வருவோம். கைப்பேசி படத்தைத் திருப்பி எழுதுவதில்லை. பெட்டியின்மேல் "இப்பக்கம் மேல்" என்று சீட்டு ஒட்டுவது போல ஒரு குறிப்பை மட்டும் எழுதுகிறது. சீட்டைப் படியாத மென்பொருளில் தொண்ணூறு பாகை நாமே திருப்பிக்கொள்ள வேண்டும். நிறம் வெளிறித் தோன்றினால் பெரும்பாலும் எச்.டி.ஆர். பதிவே காரணம், படம் பிடிக்கும் முன்னரே அதை நிறுத்திவிடுவது நலம்.

முன்னரே செய்யத்தக்கவை இன்னும் சில. ஐபோன் உடையவர்கள் காமிரா அமைப்பில் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" என்பதைத் தெரிந்துகொண்டால் எச்.264-இல் பதிவாகும், "ஆட்டோ எஃப்.பி.எஸ்." என்பதை நிறுத்தினால் இருட்டில் வேகம் தாழ்வது குறையும். பிளாக்மேஜிக் காமிரா என்னும் இலவசச் செயலியில் வினாடிக்கு இத்தனை பிரேம் என்று நாமே குறித்துக்கொள்ளலாம். நம் மின்சாரம் 50 சுழற்சி உடையது. விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. 30 பிரேமில் கரும்பட்டைகள் ஓடினால், 25-க்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டு மூன்று கைப்பேசிகளில் ஒரே நிகழ்ச்சியை எடுப்பவர்க்கு ஒரு வார்த்தை. எல்லாக் கைப்பேசிகளும் ஓடத் தொடங்கிய பின், மேடையில் ஒருவர் ஒருமுறை ஓங்கிக் கைதட்ட வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் மீண்டும் ஒருமுறை. அவ்வோசையை அடையாளமாகக் கொண்டு பதிவுகளை எல்லாம் ஒன்றோடொன்று பொருத்தலாம். இரண்டாம் கைதட்டலும் பொருந்தினால் வேகம் சரியென்று அறியலாம்.

அடுத்துச் சிறுமியரின் கோலாட்டம் நடைபெற இருக்கிறது. திரை உயர்ந்தவுடன் நம் இளைஞர் ஒருவர் வெறும் மேடையில் வந்து ஒருமுறை கைதட்டிவிட்டுப் போவார். அது பாராட்டன்று, பதிலுக்கு யாரும் கைதட்ட வேண்டா என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.