பிக்குவின் பகிடி



பௌத்தம் எண்டதும் எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் முளைத்த விகாரைதான். அதில் பிழையில்லை. ஆனால் பிக்குகளின் பழைய சட்டப் புத்தகமான விநய பிடகத்தில் வேறொரு உலகம் இருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் முன்னால், ஆர் என்ன கூத்தடித்ததால் அது வந்தது எண்டு ஒரு கதை வரும்.

கோசல அரசன் பசேனதி அரசி மல்லிகாவோடு மாளிகை மேல்மாடியில் நிற்கிறான். கீழே அசிரவதி ஆற்றில் பிக்குகள் கும்மாளம் போடுகினம். “பாரும், உம்முடைய ஞானிகளை” எண்டு மனைவியைச் சீண்டுகிறான். நேரே கோள் சொல்லவும் மனமில்லை. பிக்குகளைக் கூப்பிட்டு, புத்தருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பெரிய வெல்லக்கட்டியைக் கொடுத்துவிடுகிறான். அரசன் உங்களை எங்கே கண்டவர் எண்டு புத்தர் கேட்க, குட்டு வெளிப்படுகிறது. தண்ணீரில் விளையாடக்கூடாது எண்ட விதி இப்படித்தான் வந்தது.

இன்னொரு கதை கோசம்பியில் நடக்கிறது. ஒரு பிராமணர் கொடுத்த பாலை பிக்குகள் ‘சுர்ர் சுர்ர்’ எண்டு உறிஞ்சுகினம். முன்பு நடிகராக இருந்த ஒரு பிக்கு, சங்கம் முழுக்கக் குளிர்ந்து போச்சுப் போல எண்டு பகிடி விடுகிறார். ‘குளிர்ந்தவர்’ எண்டது பாலியில் ஞானம் அடைந்தவரையும் குறிக்கும். புத்தர், தர்மம், சங்கம் பற்றிப் பகிடி பண்ணக்கூடாது எண்டு உடனே விதி வருகிறது. மீறினால் ‘துக்கட’, சிறிய குற்றம். இன்னொரு பிக்குவிடம் ஒப்புக்கொண்டால் முடிந்தது. அதுவும் பிக்குகளுக்கு மட்டும். தடைசெய்த பகிடியையும் அழிக்காமல் தலைமுறை தலைமுறையாக ஓதிக் காப்பாற்றியதும் பிக்குகள்தான்.

இனி இலங்கைக்கு வருவம். 2019இல் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக நாலு மாதம் சிறையில் இருந்தார். 2023இல் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய, மேடையில் சொன்ன பகிடிக்காக ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். ரெண்டு பேரையும் பிடித்தது சர்வதேச உரிமை உடன்படிக்கையின் பெயரில் 2007இல் கொண்டுவந்த சட்டம்.

புத்தர் பிக்குவுக்கே குடுக்காத தண்டனையை அரசு ஒரு சாதாரண பிரஜைக்குக் குடுக்கிறது. இது சிங்களவரின் உள்வீட்டுப் பிரச்சினை எண்டு நாங்கள் ஒதுங்க ஏலாது. விகாரை கட்டக் காணி பிடிக்கிறதும் பகிடி சொன்னவரை உள்ளே தள்ளுறதும் ஒரே அதிகாரம்தான். புத்தரை அவமதித்தார்கள் எண்டு ஆரையாவது பிடித்தால், அந்தப் பழைய நடிகருக்கு என்ன தண்டனை கிடைத்தது எண்டு கேளுங்கோ.