நடுவர் கோல்

(மரக்காணத்தில் தமிழாசிரியர்களும் மாணவர்தம் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

உடன் பணியாற்றும் தமிழாசிரியப் பெருமக்களே! உப்பளத்து வேலையை முடித்துவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்துள்ள பெற்றோர்களே!

பள்ளிகளில் நிகழும் சொற்போர்ப் போட்டிகளுக்கு நடுவராய் அமர்வோர் பெரும்பாலும் தமிழாசிரியராகிய நாமே. கணக்காசிரியர் ஒரு விடையைத் தவறென்று அடித்தால், மாணவன் நூலைப் புரட்டிக் காட்டித் தன் வழக்கை எடுத்துரைக்கலாம். நாம் ஒருவனைத் தோற்றவன் என்று அறிவித்துவிட்டால் அவன் எந்த நூலைப் புரட்டுவான்? யாரிடம் சென்று முறையிடுவான்? நம் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. ஆதலின் அதைப் பற்றி நாமே நம்முள் பேசிக்கொள்வது கடமையாகிறது.

பிள்ளைகள் விளையாட்டுக்கு இத்துணைப் பேச்சா என்பாரும் உளர். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் முதற்பரிசு 5,000 உருபா, இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. வடகிழக்குப் பருவமழை இறங்கிப் பாத்திகள் நீரில் மூழ்கி அளத்தில் வேலையற்றுப் போகும் திங்கள்களில், அத்தொகை ஒரு வீட்டுக்கு எத்தனை நாள் அரிசி என்பதைப் பின்வரிசையில் இருப்போர் அறிவர். பணம் கிடக்கட்டும். எடையிலும் கூலியிலும் ஏமாற்றங்களைக் கண்டு வளர்ந்த பிள்ளை, இங்கேனும் எல்லார்க்கும் ஒரே அளவு இருக்கும் என்று நம்பி மேடையேறுகிறது. அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பு.

சொற்போர் நமக்குப் புதியதன்று. புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்தவன், பட்டிமண்டபம் ஏறுவோர்க்கும் ஒரு முறையுண்டு என அறிவுறுத்தியதை மணிமேகலை கூறுகிறது. அக்காப்பியத் தலைவியே பின்னர் வஞ்சி நகரில் பல சமயத்தாரையும் அணுகி, ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயிலாகவே கேட்கிறாள். சாத்தனார் புத்த சமயத்தார். ஆயினும் மாற்றார் பேசவும் இடம் கொடுத்தார். நீலகேசியையும் எண்ணிப் பாருங்கள். சமணர் ஆக்கிய அந்நூலில் நீலகேசி செல்லுமிடமெல்லாம் அவளே வெல்கிறாள். எந்நூலுக்கு மறுப்பாக அஃது எழுந்ததோ அந்தக் குண்டலகேசி இன்று சில பாடல்களளவிலேயே எஞ்சியுள்ளது. ஓரணியின் உரை முழுமையாய் இருக்க, மற்றோரணியின் உரை ஏட்டோடு மறைந்துபோன அவ்வழக்கில் நாம் யாருக்கு மதிப்பெண் இடுவது?

இளையனாகிய கரிகாலன் தம் வழக்கைத் தீர்ப்பானோ என முதியோர் ஐயுற, அவன் நரைமுடி புனைந்து வந்து முறை வழங்கினான் என்பது பழமொழி நானூறு காட்டும் செய்தி. அறிவு அவனிடம் முன்பே இருந்தது. வழக்காளர் நம்பாவிடின் தீர்ப்பு நில்லாது என்பதை உணர்ந்தே நரை புனைந்தான். நம்மில் பலர்க்கு நரை இருக்கிறது. நம்பிக்கையைத்தான் தேட வேண்டியுள்ளது.

சா. கணேசனார் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா மேடைகளில் பட்டிமண்டபம் புத்துயிர் பெற்றது. குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராய் அமர்ந்து அதற்கு மதிப்புச் சேர்த்தனர். பின்னர் அது தொலைக்காட்சிக்குப் போயிற்று. அங்கே நடுவரே தலைமைப் பேச்சாளர். அணிகளுக்கு மதிப்பெண் இல்லை. பொங்கலன்று வீட்டார் கூடியிருந்து சிரித்தால் போதும். அதில் குற்றமில்லை. அப்பழக்கம் பள்ளி மேடைக்கு வருவதே குற்றம். கைதட்டலை அளந்து மதிப்பெண் இடும் நடுவர்களைக் கண்டிருக்கிறேன். போட்டி நடக்கும் பள்ளியின் மாணவனுக்குக் கைதட்ட நூறு தோழர் இருப்பர். இரண்டு பேருந்து மாறி வந்த மாணவிக்கு அவளை அழைத்துவந்த ஆசிரியை ஒருவரே.

அளவைப் பற்றி இக்கடற்கரையினர்க்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. பாத்தியில் நிற்கும் உவர்நீர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை. அளத்தார் 'டிகிரி' என்பர். அது வெயிலில் இறுகி 25 பாகையளவை எட்டும்போது உப்புப் படியத் தொடங்கும். 30ஐத் தாண்டியும் எஞ்சிய நீரை வெளியேற்றாது விட்டால் கைப்பான மகனீசிய உப்புகள் சேர்ந்து விளைவைக் கெடுக்கும். பழகிய கண்ணும் பிழைபடுமிடத்தில் நீர்மமானி உண்மை சொல்லும். நடுவர்க்கும் அத்தகைய கருவி ஒன்று வேண்டும்.

அக்கருவி நம்மிடமே உள்ளது. நன்னூற் பாயிரத்தில் பவணந்தியார் வகுத்த பத்துக் குற்றங்களை நூலாசிரியர்க்கு மட்டும் உரியன என்று ஏன் கொள்ள வேண்டும்? பேசுவோன் சொன்னதையே திரும்பச் சொன்னானா? முன்னுரைத்ததற்குப் பின்னுரைத்தது மாறுபட்டதா? தலைப்பை விட்டு மற்றொன்றை விரித்தானா? இவற்றைக் குறித்துக்கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது. அவர் கூறும் எழுவகை மதங்களுள் மறுத்தலோடு உடன்படலும் ஒன்று. மாற்றணியார் கூற்றில் ஏற்கத்தக்கதை ஏற்று, எஞ்சியதை மறுக்கும் மாணவனை 'விட்டுக்கொடுத்துவிட்டான்' என்று சொல்லி மதிப்பெண் குறைக்கிறோம். பவணந்தியார் குறைத்திருக்க மாட்டார்.

1988இல் ஆத்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் சொற்போர்ப் போட்டியில், ஓர் உரைக்குரிய 100 மதிப்பெண்ணில் பொருளுக்கு 40, உரைக்கும் முறைக்கு 40, உத்திக்கு 20 என ஒதுக்குகின்றனர். நடுவர்கள் கலந்து பேசுமுன் தனித்தனியே முடிவெழுதுகின்றனர். நம்மூரிலோ மூத்த நடுவர் தொண்டையைச் செருமி, "அந்தப் பையன் நல்லாப் பேசினான், இல்லீங்களா?" என்கிறார். உடனே மற்ற இருவர் கையிலும் அழிப்பான் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. மதிப்பெண்ணை மையெழுதுகோலால் எழுதுங்கள்.

இனிச் சொல்லப்போவது இங்குள்ள சிலர்க்குக் கசக்கலாம். பயிற்றுமொழி தமிழா, ஆங்கிலமா என்பது நம் போட்டிகளில் ஓயாது வரும் தலைப்பு. தமிழ் மண்ணில் தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்பது என் கொள்கை. உங்கள் கொள்கையும் அதுவே. ஆனால் எந்த அணியில் யார் பேசுவது என்பதைக் குலுக்குச் சீட்டுத்தான் முடிவு செய்கிறது. ஒரு போட்டியில் அளத்துத் தொழிலாளியின் மகளுக்கு ஆங்கிலத்தின் பக்கம் விழுந்தது. அப்பெண் நல்ல தமிழில் அமைதியாகக் கேட்டாள்: "உயர்கல்வி நூல்களும் வழக்குமன்றத் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் இருக்க, எங்களைத் தமிழில் படியுங்கள் என்று சொல்லும் பெரியோர்கள் தங்கள் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள்?" அரங்கில் ஓர் ஓசையில்லை. எதிரணி மாணவன் அவ்வினாவைத் தொடவேயில்லை. தமிழின் தொன்மையை இடிபோல் முழங்கினான், அரங்கம் அதிர்ந்தது. உடனிருந்த நடுவர் என் காதருகே, "நம் கொள்கையை எதிர்த்தவளுக்கா பரிசு?" என்றார். மூன்று தாள்களில் இரண்டு அவனுக்கு. என் தாள் ஒன்றே அவளுக்கு.

அன்று அம்மாணவன் என்ன கற்றான்? தமிழ் என்று உரக்கச் சொன்னால் போதும், விடை சொல்ல வேண்டியதில்லை என்று கற்றான். அதே வினாவை நாளை வெளியில் வேறொருவர் கேட்பார். அங்கே குலுக்குச் சீட்டும் இராது, நாமும் நடுவராய் இருக்க மாட்டோம். விடை இல்லாமலா போயிற்று? தமிழ்வழிப் படித்தோர்க்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இலேயே வந்தது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. உச்ச வழக்குமன்றத் தீர்ப்புகள் சிலவும் தமிழில் பெயர்க்கப்பட்டு வெளிவருகின்றன. இவற்றை எடுத்துரைத்து, 'இவை போதா, மேலும் வேண்டும்' என்று அவன் வழக்காடியிருந்தால் நான் அவனுக்கே முதலிடம் தந்திருப்பேன். அவளைத் தோற்கடித்ததால் நம் கொள்கைக்கு ஒரு கடுகளவு வலிவும் கூடவில்லை. அவளுடைய வினா இன்னும் நம் முன்தான் நிற்கிறது. பெற்றோராகிய ஆசிரியர்களே, அது நம்மை நோக்கிய வினாவுங்கூட.

மொழித்தூய்மை பற்றியும் ஒன்று. பிறமொழிச்சொல் கலந்தால் மொழிக்கென ஒதுக்கிய மதிப்பெண்ணில் குறையுங்கள். நான் கட்டாயம் குறைப்பேன். பொருளுக்குரிய மதிப்பெண்ணில் கைவைக்காதீர்கள். ழகரம் நாவில் புரளாத பிள்ளைக்கும் அவ்வாறே. அக்குறை ஓரிடத்தில் எண்ணப்பட்டால் போதும், நான்கு இடங்களில் எண்ணுதல் முறையன்று.

உறவு பற்றி நீட்டிப் பேச வேண்டா. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்தே, 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள், வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமன்றி அவன் உறவினரையும் குடவோலைத் தேர்வினின்று விலக்கின. ஆயிரத்து நூறாண்டுக்கு முன் அத்துணைக் கண்டிப்பு! நாமோ நம் பள்ளி மாணவன் பேசும்போதும் நடுவர் இருக்கையைவிட்டு எழுவதில்லை.

தோற்ற பிள்ளைக்குக் கரணியம் சொல்லுங்கள். 'நன்று, மேலும் முயல்க' என்பது கரணியமாகாது. 'மாற்றணியின் இரண்டாம் வினாவுக்கு நீ விடை சொல்லவில்லை' என்பதே கரணியம். அதைச் சொல்ல வேண்டுமாயின் நடுவர் முழு உரையையும் கேட்டிருக்க வேண்டும். தேநீர் குடித்துக்கொண்டும் பக்கத்தாருடன் பேசிக்கொண்டும் இருந்தால் இயலாது.

மதிப்பெண் தாள் ஒன்றை வரைந்து வந்துள்ளேன். பொருளுக்கு 40, மறுப்புக்கு 30, மொழிக்கு 20, குரலுக்கும் நிலைக்கும் 10. மறுப்புக்கு இத்துணை மிகுதியா என்று கேட்பீர்கள். மறுப்பு இல்லையேல் அது சொற்போர் ஆகாது, இரண்டு தனிப்பேச்சுகளே. தாளின் அடியில் கரணியம் எழுத நான்கு வரி விட்டிருக்கிறேன். படிகள் வாயிலருகே உள்ளன. பெற்றோரும் ஆளுக்கொன்று எடுத்துச் செல்க. எண்களில் மாறுபாடு கொள்வோர் இப்போதே எழுந்து சொல்லலாம்.