ஈடு வேறு, கிரயம் வேறு

சித்தூரிலும் திருப்பதியிலும் பழைய வீடுகளின் பத்திரக் கட்டைப் பிரித்தால், அடியில் தமிழ்ப் பத்திரமும் மேலே தெலுங்குப் பத்திரமும் இருப்பதைச் சில குடும்பங்களில் காணலாம். 1953 செப்டம்பர் வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. அக்டோபரில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி முதலிய பகுதிகள் மீண்டும் சென்னை மாநிலத்துக்குச் சென்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் குடியிருந்தவர்கள் அதே வீடுகளில்தான் இருந்தார்கள். பாட்டனார் தமிழில் எழுதி வாங்கிய வீட்டுக்குப் பேரன் தெலுங்கில் கையெழுத்திடுகிறான். கடைவீதியில் தெலுங்கு சரளமாகப் பேசுகிறவர்களிலும் அதைப் படிக்கத் தெரியாத தமிழர் உண்டு. மோசடி நுழைவதற்கு அந்த இடைவெளி போதும்.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆகவே, தெரிந்தவர்கள் பத்திரங்களைக் கொண்டுவந்து படித்துச் சொல்லக் கேட்பதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சித்தூரில் ஒரு மூதாட்டியார் ஒரு நகலுடன் வந்தார். மகளின் வைத்தியச் செலவுக்கு வீட்டின்பேரில் கடன் வாங்க ஏற்பாடு செய்திருந்தார். மறுநாள் பதிவு.

"தம்பி, வட்டி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லு" என்றார்.

பத்திரத்தில் வட்டி என்ற பேச்சே இல்லை. தலைப்பில் 'தனகா' என்ற சொல்லும் இல்லை. 'விக்ரயம்' என்ற சொல்லே இருந்தது. தெலுங்கில் தனகா என்றால் ஈடு; விக்ரயம் என்றால் விற்பனை.

"அம்மா, வீட்டையே விற்றுவிட்டதாக அல்லவா எழுதியிருக்கிறது?" என்றேன்.

"பணத்தைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவதாகத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறாரே! அதை நம்பித்தானப்பா சம்மதித்தேன்" என்றார் அவர்.

இவ்விடத்தில்தான் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். ஈடு இன்னது என்பதை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆம் பிரிவில் வகுத்துரைக்கிறது. விற்பனை போன்ற வடிவில் ஈடு எழுதுவதற்கும் அதில் இடமுண்டு. ஆனால் பணம் தந்தால் சொத்து திரும்பவேண்டும் என்ற நிபந்தனை, விற்பனை எழுதிய அதே பத்திரத்தில் இருக்கவேண்டும் என்று 1929-இல் திருத்தம் செய்யப்பட்டது. தனித்தாளில் எழுதினால் அது ஈடாகாது. ஈடாக இருந்தால், கடனை அடைத்துச் சொத்தை மீட்கும் உரிமை சொந்தக்காரருக்கு 60-ஆம் பிரிவின்படி உண்டு. விற்பனைக்கு அந்த உரிமை இல்லை. ஒரு சொல்லின் வேற்றுமையால் ஒரு வீடே கைமாறிவிடும்.

இது கடன் வாங்குவோர் அறிய வேண்டியது. வீடு வாங்குவோர் அஞ்சவேண்டிய மோசடி வேறு வகையானது. ஏற்கெனவே ஈடு வைத்த வீட்டை மறைத்து விற்பதே அது. வில்லங்கச் சான்று பார்த்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பார்ப்பது நலம். ஆந்திரப் பதிவுத் துறையில் 1983 முதலான பதிவுகள் கணிப்பொறியில் கிடைக்கும். அதற்கு முந்தியவற்றைச் சார்பதிவாளர் அலுவலகத்துப் புத்தகங்களில் தேடவேண்டும்.

ஆனால் அச்சான்று பதிவானவற்றை மட்டுமே காட்டும். உரிமைப் பத்திரத்தைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறை ஒன்று உண்டு. தொடக்கத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் முதலிய சில நகரங்களுக்கு உரியதாக இருந்த இம்முறை, பின்னர் மாநில அரசுகள் அறிவித்த வேறு ஊர்களுக்கும் வந்தது. ஒப்படைப்பு நடக்கும் இடந்தான் அத்தகைய ஊராக இருக்கவேண்டும். சொத்து எங்கும் இருக்கலாம். சித்தூர் வீட்டின் பத்திரம் சென்னையில் ஈடாக இருக்கக்கூடும். பத்திரத்தைக் கொடுத்ததோடு காரியம் முடிந்திருந்தால், வில்லங்கச் சான்றில் அதன் சுவடே இராது.

ஆகவே மூலப் பத்திரத்தைக் கண்ணால் காணுங்கள், நகலை ஏற்காதீர்கள். "தொலைந்துவிட்டது" என்று விற்பவர் சொன்னால், வழக்கறிஞர் ஒருவர் தீர விசாரிக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரே சொத்தின்மேல் பல கடன்கள் வாங்கும் மோசடியைத் தடுக்க 2011-இல் 'செர்சாய்' என்னும் மத்தியப் பதிவகம் ஏற்பட்டது. வங்கிகளிடம் உள்ள ஈடுகளைக் கட்டணம் செலுத்தி அதில் எவரும் தேடலாம். தனியாரிடம் வைத்த ஈடு அதில் அகப்படாமல் போகலாம் என்பதையும் மறவாதீர்கள். திருப்பதிப் பக்கம் வாங்குவோர், அது அரசு நிலமா, கோவில் நிலமா, மடத்து நிலமா என்பதையும், பதிவுக்குத் தடை செய்த சொத்துகளின் பட்டியலையும் பார்ப்பது அவசியம்.

ஊரில் வீட்டை விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை வசூலிக்கவும் வரி கட்டவும் உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். அதில் அந்தக் காரியங்களை மட்டும் எழுதி, விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் இல்லை என்பதையும் வெளிப்படையாகச் சேருங்கள். வீடு வாங்கும்போதும், அதிகாரப் பத்திரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு கிரயம் முடிந்ததாகக் கருதாதீர்கள். அதனால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் வீட்டுக்கு நாமே வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நன்று.

வங்கிக் கடனை முழுதும் அடைத்தவர்கள் பத்திரத்தைக் கேட்டுப் பெறவேண்டும். முப்பது நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரவேண்டும் என்றும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடுகட்டவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டது.

அந்த மூதாட்டியார் மறுநாள் பதிவுக்குப் போகவில்லை. வேறொருவரிடம் முறையான ஈட்டுப் பத்திரம் எழுதிக் கடன் பெற்றார். இன்றும் அவ்வீட்டில்தான் இருக்கிறார். பதிவுக்கு ஒரு நாள் முன்னதாக அவர் பத்திரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். நமக்குத் தெரியாத எழுத்தில் உள்ள பத்திரத்தை, கடன் கொடுப்பவரோ தரகரோ அல்லாத ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை. கேட்ட பிறகு கையெழுத்திடலாம்.